‘இதர நபர்கள்’: ஜேம்ஸ் மேடிசனும் எழுதப்படாத ஒரு சொல்லும்

1787இல் பிலடெல்பியாவில் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சாசனத்தை அதன் மூல வடிவத்தில் எடுத்துப் படித்தால் ‘அடிமை’ என்ற சொல்லை ஓரிடத்திலும் பார்க்க முடியாது. அடிமைகள் இல்லாததால் அல்ல. குறைந்தது மூன்று இடங்களில் அந்தச் சாசனம் அடிமைகளைப் பற்றித்தான் பேசுகிறது. ஓரிடத்தில் அவர்கள் ‘இதர நபர்கள்’. இன்னோரிடத்தில், மாநிலங்கள் அனுமதிக்கத் தகுந்ததாகக் கருதும் ‘அத்தகைய நபர்கள்’. மூன்றாவது இடத்தில், ஒரு மாநிலத்தில் ‘சேவைக்கோ உழைப்புக்கோ கட்டுப்பட்ட நபர்’. முதலாவது, அடிமைகளை ஐந்துக்கு மூன்று என்று எண்ணுவதற்கு. இரண்டாவது, ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்களைப் பிடித்துவந்து விற்பதை 1808வரை தடுக்கக்கூடாது என்பதற்கு. மூன்றாவது, தப்பி ஓடியவரைப் பிடித்து உடையவரிடம் ஒப்படைப்பதற்கு.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிய விஷயமில்லை. இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று தகுதி வழக்கை நன்னூல் மூன்றாகப் பிரிக்கிறது. சபையில் சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வது, அமங்கலத்தை மங்கலமாகச் சொல்வது, ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புரியும்படி பெயர் வைத்துக்கொள்வது. ‘இதர நபர்கள்’ என்ற இரண்டு சொற்களில் இம்மூன்றும் ஒருசேர இருக்கின்றன. இடக்கரடக்கலில் மறைவது சொல் மட்டும்தான், பொருள் அப்படியே நிற்கும் என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

‘சாசனத்தின் தந்தை’ என்று பாடநூல்கள் கொண்டாடும் ஜேம்ஸ் மேடிசனின் வாழ்க்கையை இந்த மறைந்துபோன சொல்லின் வழியாக வாசிக்க முடியும் என்று நினைக்கிறேன். ‘சுதந்திரம் பேசினார், அடிமைகளை வைத்திருந்தார், ஆகவே போலி’ என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகலாம். அது பொய்யில்லை. ஆனால் அதோடு வாசிப்பு நின்றுவிடுகிறது. போலித்தனம் என்பது தனிமனிதக் குணம். ஆள் செத்தால் அதுவும் போய்விடும். மேடிசன் விட்டுச்சென்றது குணத்தை அல்ல, ஓர் எந்திரத்தை. தான் செய்வது இன்னதென்று நன்றாகத் தெரிந்த ஒருவர், அந்தத் தெரிவை எங்கே எழுதுவது, எங்கே எழுதாமல் விடுவது என்று பிரித்துவைத்த விதம்தான் இங்கே பிரச்சினை.

1

மேடிசன் பிறந்தது 1751 மார்ச் 16. வளர்ந்தது வர்ஜீனியாவின் ஆரஞ்சு கவுண்டியில், பிற்பாடு மான்ட்பெலியர் என்று பெயர்பெற்ற புகையிலைப் பண்ணையில். அந்தக் குடும்பத்தின் கதை ஒரு சாவோடு தொடங்குகிறது. 1732இல் தாத்தா ஆம்ப்ரோஸ் மேடிசன் இறந்தபோது, நஞ்சு வைத்துவிட்டதாக மூன்று அடிமைகள்மீது குற்றம் சாட்டினார்கள். போம்பி என்பவர் தூக்கிலிடப்பட்டார். டைடோ, டர்க் என்ற இருவருக்கும் சவுக்கடி கொடுத்துப் பண்ணைக்கே திருப்பி அனுப்பினார்கள். வேலைக்கு ஆள் வேண்டுமில்லையா! எஜமானைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களையே வயலுக்குத் திருப்பி அனுப்பிய பொருளாதாரத்தில்தான் பேரன் பிறந்தார். அப்பாவின் காலத்தில் அடிமைகளின் எண்ணிக்கை நூறைத் தாண்டியது.

1771இல் பிரின்ஸ்டனில் படிப்பை முடித்துத் திரும்பிய மேடிசன், கல்லூரித் தோழர் வில்லியம் பிராட்போர்டுக்கு 1774இல் எழுதிய இரண்டு கடிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். ஜனவரியில் எழுதியது ஒன்று. பக்கத்துக் கவுண்டியில் பாப்டிஸ்ட் பிரசங்கிகளைச் சிறையில் அடைத்திருக்கிறார்கள் என்று கொதிக்கிறார். எல்லோருக்கும் மனச்சாட்சிச் சுதந்திரம் வேண்டும் என்கிறார். நவம்பரில் எழுதியது இன்னொன்று. பிரிட்டனோடு மோதல் வந்தால் அடிமைகள் கிளர்ந்தெழக்கூடும், சிலர் கூடித் தலைவரைக்கூடத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டு, இப்படிப்பட்ட முயற்சிகளை அடக்கினால் மட்டும் போதாது, வெளியே தெரியாமல் மறைக்கவும் வேண்டும், அதுவே விவேகம் என்கிறார்.

அடக்குவது, மறைப்பது. அவருக்கு வயது இருபத்துமூன்று. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து பிலடெல்பியாவில் நடந்ததன் இலக்கணத்தை இங்கேயே பார்க்கிறோம்.

இன்னொரு கடிதம் உண்டு. சுதந்திரப் போரின் கடைசி ஆண்டுகளில் மேடிசன் காங்கிரஸ் உறுப்பினராக பிலடெல்பியாவில் இருந்தார். கூடவே பில்லி என்ற அடிமை. 1783 செப்டம்பரில் ஊருக்குத் திரும்பும் நேரம் வந்தபோது அப்பாவுக்கு எழுதுகிறார்: பில்லியின் மனம் ‘கெட்டுவிட்டது’, இனி வர்ஜீனியாவின் சக அடிமைகளோடு இவனைச் சேர்த்துவைக்க முடியாது, ஆனால் நாம் இவ்வளவு ரத்தம் சிந்தி விலைகொடுத்து வாங்கிய அதே சுதந்திரத்துக்கு இவனும் ஆசைப்பட்டான் என்பதற்காக இவனைத் தண்டிக்கவும் முடியாது. பென்சில்வேனியச் சட்டம் அனுமதித்தபடி குறிப்பிட்ட ஆண்டுகள் உழைக்கும் ஒப்பந்தத்தில் பில்லியை விற்றுவிட்டு ஊர்போய்ச் சேர்ந்தார். பில்லி பின்னர் வில்லியம் கார்ட்னர் என்ற பெயரில் சுதந்திர மனிதராக வாழ்ந்தார்.

இந்தக் கடிதத்தை மேடிசனின் பெருந்தன்மைக்குச் சான்றாகக் காட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அது வேறொன்றைச் சொல்கிறது. பில்லியின் ஆசையும் தன் புரட்சியும் ஒன்றேதான் என்று மேடிசனுக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் செய்தவர், காலத்தின் கைதி என்றெல்லாம் வக்காலத்து வாங்க இடமில்லை. தெரிந்ததைக் குடும்பக் கடிதத்தோடு நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான்.

2

1787 மே 25 முதல் செப்டம்பர் 17வரை நடந்த சாசன மாநாட்டில் கலந்துகொண்டவர்கள் ஐம்பத்தைந்து பேர். மேடிசன் தினமும் போய் முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். இன்று நமக்கு அந்த மாநாட்டைப் பற்றித் தெரிந்ததில் பெரும்பகுதி அந்தக் குறிப்புகளின் வழியாகத்தான். அவற்றைப் பல்லாண்டுகள் திருத்திக்கொண்டே இருந்தார் என்று மேரி சாரா பில்டர் 2015இல் வெளியிட்ட ஆய்வு விரிவாகக் காட்டியது. ஆகவே அது சாட்சியம் மட்டுமல்ல, திருத்தி எழுதப்பட்ட பிரதியும்கூட.

அந்தப் பிரதியிலேயே மேடிசன் தன்னைப் பற்றிப் பதிவுசெய்திருப்பவற்றைப் பாருங்கள். ஜூன் 6: மனிதன் மனிதன்மேல் செலுத்திய ஆதிக்கங்களிலேயே மிகக் கொடியதற்கு, இந்த அறிவொளிக் காலத்தில், வெறும் நிறவேற்றுமை காரணமாக்கப்பட்டிருக்கிறது என்கிறார். ஜூன் 30: மாநிலங்களுக்கு இடையேயான உண்மையான பிளவு பெரியது சிறியது என்பதல்ல, அடிமைகள் இருப்பதும் இல்லாததும்தான் என்று போட்டு உடைக்கிறார். ஆகஸ்ட் 25: மனிதர்களில் சொத்துரிமை இருக்க முடியும் என்ற எண்ணத்தைச் சாசனத்துக்குள் அனுமதிப்பது தவறு என்கிறார்.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் நான் நிற்கிறேன். எண்ணத்தை அனுமதிக்கக்கூடாது. காரியத்தை? அதற்கு ஏற்பாடு ஆகிவிட்டது.

ஐந்துக்கு மூன்று என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? 1783இல் மாநிலங்களுக்கு வரிச்சுமையைப் பிரிக்கும் விவாதத்தில் ஆளுக்கு ஒரு பின்னம் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஐந்து அடிமைகளை மூன்றாக வைத்துக்கொள்ளலாம் என்று பேரத்தை முடித்துவைத்தவர் மேடிசன். 1787இல் பென்சில்வேனியாவின் ஜேம்ஸ் வில்சன் அதே பின்னத்தை எடுத்துப் பிரதிநிதிகள் சபையின் இடங்களைப் பங்கிடுவதற்கு முன்மொழிந்தார்.

இதை நம்மில் பலர் தவறாகவே புரிந்துகொண்டிருக்கிறோம். கறுப்பரை முக்கால் மனிதனாகக்கூட மதிக்கவில்லை, ஐந்தில் மூன்று பங்குதான் மதித்தார்கள் என்று மேடையில் பேசுகிறோம். உணர்ச்சிக்குச் சரி, கணக்குக்குச் சரியில்லை. அடிமைகளை முழுசாக எண்ண வேண்டும் என்று நின்றவர்கள் எஜமானர்கள். எண்ணவே கூடாது என்றவர்கள் வடக்கத்தியர்கள். ஏனென்றால் எண்ணப்பட்ட ஒவ்வோர் அடிமையின் தலையும் எஜமானின் ஓட்டுக்குத்தான் வலுச்சேர்த்தது. அடிமைக்கு மூன்றில் ஒரு பங்கு ஓட்டும் இல்லை, ஐந்தில் ஒரு பங்கு ஓட்டும் இல்லை. பூஜ்யம். அவர் உடம்பு கணக்கில் வந்தது, வாய் வரவில்லை.

வர்ஜீனியாவை வைத்தே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1790 மக்கள்தொகைக் கணக்கில் அங்கே மொத்தம் 7,47,610 பேர். இதில் அடிமைகள் 2,92,627. மற்றவர்கள் 4,54,983. 33,000 பேருக்கு ஓர் இடம் என்று 1792 சட்டம் வகுத்தது. அடிமைகளை விட்டுவிட்டால் வர்ஜீனியாவுக்கு 13 இடங்கள். ஐந்துக்கு மூன்றாகச் சேர்த்ததால் கிடைத்தது 19. ஆறு பேர், ஓட்டில்லாதவர்களின் தலையை எண்ணி வந்து உட்கார்ந்தார்கள்.

ஜனாதிபதித் தேர்தல் இன்னும் மோசம். ஜூலை 19 அன்று மேடிசன் பேசியதை அவரே எழுதிவைத்திருக்கிறார். மக்களே நேரடியாக ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பதுதான் தகுந்த முறை. ஆனால் வாக்குரிமை வடக்கில் அதிகம் பேருக்கு இருக்கிறது. நீக்ரோக்களின் எண்ணிக்கையால் தெற்குக்கு அத்தகைய தேர்தலில் எந்தப் பலனும் கிடைக்காது. தேர்வாளர்களை வைத்துத் தேர்ந்தெடுத்தால் இந்தச் சங்கடம் தீரும். இறுதி வடிவம் வேறு காரணங்களாலும் உருவானது என்பது உண்மை. ஆனால் மாநிலத்தின் தேர்வாளர் எண்ணிக்கை அதன் பிரதிநிதிகள் எண்ணிக்கையோடு கட்டப்பட்டதால், ஐந்துக்கு மூன்று நேராக ஜனாதிபதி நாற்காலிவரை போய்விட்டது. 1800 தேர்தலில் ஜெபர்சனுக்கு 73, ஆடம்சுக்கு 65. அடிமைகளின் பேரில் கூடுதலாக வந்த தேர்வாளர்கள் இல்லாவிட்டால் ஆடம்ஸே ஜெயித்திருப்பார் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கணிப்பு. ஜெபர்சன் மேடிசனை வெளியுறவுச் செயலாளர் ஆக்கினார். 1809இல் மேடிசனே ஜனாதிபதி. அந்தக் குடியரசின் முதல் முப்பத்தாறு ஆண்டுகளில் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஜனாதிபதிகள் வர்ஜீனியாக்காரர்கள்.

3

சாசனத்தை மக்களிடம் விளக்க ஹாமில்டன், ஜான் ஜே ஆகியோரோடு சேர்ந்து ‘பப்ளியஸ்’ என்ற புனைபெயரில் மேடிசன் எழுதியவை ‘பெடரலிஸ்ட்’ கட்டுரைகள். மொத்தம் 85. அரசியல் தத்துவ வகுப்புகளில் எடுத்துக்கொள்வது பத்தாம் கட்டுரையை. கோஷ்டிகள் உருவாவதைத் தடுக்க முடியாது, அவற்றுக்கு நிலையான காரணம் சொத்தின் சமமற்ற பங்கீடு, ஆகவே நாட்டைப் பெரிதாக்கி நலன்களைப் பலவாக்கினால் எந்தப் பெரும்பான்மையும் எளிதில் ஒன்றுசேர்ந்து மற்றவர்களை நசுக்க முடியாது என்பது வாதம். கடன் தள்ளுபடியும் சொத்தின் சமப்பங்கீடும் அங்கே தீய திட்டங்களின் பட்டியலில் வருகின்றன. மார்க்சுக்கு அறுபதாண்டுகள் முன்பே வர்க்கத்தைப் பார்த்துவிட்டார் என்று வியப்பவர்கள் உண்டு. பார்த்தார்தான். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தார் என்பதே கேள்வி. பெரும்பான்மையிடமிருந்து வசதிபடைத்த சிறுபான்மையைக் காக்கும்படி அரசு அமைய வேண்டும் என்று ஜூன் 26 அன்று அவர் பேசியதாக ராபர்ட் யேட்ஸின் குறிப்பு சொல்கிறது. மேடிசனின் சொந்தக் குறிப்பில் அதே பேச்சு இவ்வளவு பச்சையாக இல்லை. ‘சிறுபான்மைப் பாதுகாப்பு’ என்றதும் நம் மனதில் எழும் சித்திரத்தை வைத்துக்கொண்டு மேடிசனைப் படித்தால் ஏமாந்துபோவோம். அவருடைய சிறுபான்மை நிலம் வைத்திருந்தது.

வகுப்பில் அதிகம் பேசப்படாதது 54ஆம் கட்டுரை. ஐந்துக்கு மூன்றை நியாயப்படுத்த வேண்டிய கட்டுரை. அதில் மேடிசன் செய்யும் காரியம் சுவாரஸ்யமானது. தானாகப் பேசுவதில்லை. நம் தென்னாட்டுச் சகோதரர் ஒருவர் இப்படிச் சொல்லக்கூடும் என்று தொடங்கி, நீண்ட வாதத்தை மேற்கோள் குறிக்குள் போட்டு அவர் வாயில் வைக்கிறார். அடிமை ஒரு பாதி ஆள், ஒரு பாதி சொத்து, சட்டமே அப்படித்தான் பார்க்கிறது என்பது அந்தச் சகோதரர் கூற்று. அகப்பாடலில் புலவன் பேசமாட்டான். தலைவி கூற்று, தோழி கூற்று என்று வரும். அங்கே அது காதலின் அந்தரங்கத்துக்கான மரபு. இங்கே புனைபெயருக்குள் ஒரு கற்பனைப் பாத்திரம், அந்தப் பாத்திரத்துக்குள் வர்ஜீனியாவின் பண்ணைக்காரர். மூன்று திரைக்குப் பின்னால் நின்று பேசிவிட்டு, முடிவில் பப்ளியஸ் வெளியே வந்து, வாதம் சற்றே வலிந்து செய்யப்பட்டதுபோல் தோன்றினாலும் தன்னை இணங்க வைத்துவிட்டது என்கிறார்.

பெயர்களுக்குள் ஒளியத் தேவையில்லாத இடத்தில் அதே ஆள் எப்படிப் பேசினார்? 1788இல் வர்ஜீனியாவின் ஒப்புதல் மாநாட்டில், தப்பி ஓடும் அடிமையை மீட்க முன்பு இல்லாத பாதுகாப்பைச் சாசனம் தருகிறது என்று பண்ணைக்காரர்களுக்குத் தெளிவாகவே உறுதி சொன்னார். பிரதிக்குள் மௌனம், பிரதிக்கு வெளியே உத்தரவாதம்.

4

இவ்வளவும் சொன்ன பிறகு, அவர் தந்ததையும் சொல்லியாக வேண்டும். 1776இல் வர்ஜீனியாவின் உரிமைப் பிரகடனத்தில் மதச் ‘சகிப்பு’ என்றிருந்ததை மாற்றி, மதத்தைச் சுதந்திரமாகக் கைக்கொள்வது எல்லோருக்குமான சம உரிமை என்று ஆக்கியதில் அவர் பங்கு பெரிது. சகித்துக்கொள்ள ஒருவர், சகிக்கப்பட இன்னொருவர் என்ற படிநிலையே கூடாது என்று புரிந்திருந்தது. 1785இல் கிறித்தவப் போதகர்களுக்கு அரசு வரி வசூலித்துத் தருவதை எதிர்த்து அவர் எழுதிய மனு அடுத்த ஆண்டு மதச் சுதந்திரச் சட்டத்துக்கு வழிவகுத்தது. உரிமைகள் மசோதா வெறும் காகிதத் தடுப்பு என்று முதலில் நம்பிக்கையில்லாமல் இருந்தவர், ஜேம்ஸ் மன்ரோவை எதிர்த்துத் தேர்தலில் நின்றபோது பாப்டிஸ்டுகளுக்கு வாக்குக்கொடுத்து, 1789 ஜூன் 8 அன்று சபையில் திருத்தங்களை முன்மொழிந்தார். 1791 டிசம்பரில் பத்துத் திருத்தங்கள் நிறைவேறின. பேச்சு, எழுத்து, கூடுதல் ஆகிய உரிமைகளுக்காக உலகில் யார் போராடினாலும் அந்தப் பத்தைத் தொட்டுப் பேசாமல் இருக்க முடியாது.

சொல்லின் சக்தி தெரிந்தவர் அவர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ‘சகிப்பு’ என்ற ஒரு சொல் இருந்தால் என்ன, போனால் என்ன என்று விட்டுவிடாத மனிதர், ‘இதர நபர்கள்’ என்ற சொற்களைக் கவனிக்காமல் விட்டிருப்பாரா?

5

மேடிசன் 1817இல் பதவி முடிந்து மான்ட்பெலியர் திரும்பினார். புகையிலை விலை விழுந்தது, நிலம் வளமிழந்தது, மனைவி டாலியின் மகன் பெய்ன் டாட் சூதாட்டத்தில் கடன் சேர்த்தார். 1833இல், விடுதலை பெற்ற கறுப்பர்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பும் அமெரிக்கக் குடியேற்றச் சங்கத்தின் தலைவரானார். அடிமைமுறை போக வேண்டும், போகிறபோது கறுப்பர்களும் போய்விட வேண்டும் என்பதே இதன் பொருள். 1834இல் பதினாறு அடிமைகளை லூயிசியானாவிலிருந்த உறவினருக்கு விற்றார். 1836 ஜூன் 28 அன்று இறந்தார். உயிலில் யாருக்கும் விடுதலை இல்லை. அவர்கள் சம்மதமில்லாமல் விற்க வேண்டாம் என்று டாலிக்கு ஒரு வேண்டுகோள் மட்டும் இருந்தது. அது காப்பாற்றப்படவில்லை.

‘அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தானே’ என்பவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன்: எட்வர்ட் கோல்ஸ். அதே வர்ஜீனியா, அதே பண்ணைவர்க்கம். ஜனாதிபதி மேடிசனின் அந்தரங்கச் செயலாளர். 1819இல் தன் அடிமைகளை அழைத்துக்கொண்டு இல்லினாய் போய், விடுதலை செய்து, நிலமும் கொடுத்தார். 1822இல் அங்கே கவர்னராகி, அடிமைமுறையைச் சட்டபூர்வமாக்கும் முயற்சியை எதிர்த்து நின்றார். உயிலிலாவது விடுதலை கொடுங்கள் என்று மேடிசனை வற்புறுத்தியவரும் அவர்தான். காலம் இருவருக்கும் ஒன்றே.

மேடிசனின் மாநாட்டுக் குறிப்புகளை 1837இல் காங்கிரஸ் 30,000 டாலருக்கு வாங்கியது. 1840இல் அவை அச்சில் வந்தபோதுதான், ‘மனிதர்களில் சொத்துரிமை’ பற்றி அவர் சொன்னது நாட்டுக்குத் தெரிந்தது. சொன்ன ஆள் செத்து நாலு வருஷம் ஆகியிருந்தது.

6

அவர் கடைசி நாட்களில் கூடவே இருந்தவர் பால் ஜென்னிங்ஸ். 1799இல் மான்ட்பெலியரில் அடிமையாகப் பிறந்து, பத்து வயதில் வெள்ளை மாளிகைக்குப் போனவர். டாலி அவரை 1846இல் 200 டாலருக்கு விற்றார். அடுத்த ஆண்டு செனட்டர் டேனியல் வெப்ஸ்டர் 120 டாலர் கொடுத்து மீட்டார். மாதம் எட்டு டாலர் கணக்கில் ஜென்னிங்ஸ் வேலைசெய்து அதைக் கழித்தார். 1848இல் வாஷிங்டனிலிருந்து ‘பேர்ல்’ என்ற கப்பலில் 77 அடிமைகள் தப்ப முயன்ற நிகழ்ச்சியில் அவருக்குப் பங்கு இருந்தது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

1865இல் ஜென்னிங்ஸின் நினைவுக் குறிப்புகள் சிறுநூலாக வெளிவந்தன. வெள்ளை மாளிகை வாழ்க்கையைப் பற்றிய முதல் நினைவுநூல் என்று அதைச் சொல்வதுண்டு. 1814 ஆகஸ்ட் 24இல் பிரிட்டிஷ் படை வாஷிங்டனைக் கொளுத்தியபோது டாலி மேடிசன் வாஷிங்டனின் ஓவியத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார் என்பது அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சொல்லும் கதை. அப்படியில்லை, வேலைக்காரர் ழான் சூசாவும் தோட்டக்காரரும்தான் இறக்கி வண்டியேற்றினார்கள் என்று ஜென்னிங்ஸ் திருத்துகிறார். மேடிசன் நல்ல மனிதர், யாரையும் அடித்துப் பார்த்ததில்லை என்றும் எழுதுகிறார். பிற்காலத்தில் வறுமையில் கிடந்த டாலிக்குத் தன் சட்டைப்பையிலிருந்து சில்லறை கொடுத்ததையும் சொல்கிறார். ஆத்திரமில்லை, அலங்காரமுமில்லை. ‘இதர நபர்’ ஒருவர் தன் பெயரில், தன் கூற்றாக எழுதிய பிரதி அது.

அதே 1865 டிசம்பரில்தான் அமெரிக்கச் சாசனத்தில் ‘அடிமைத்தனம்’ என்ற சொல் முதன்முதலாக நுழைந்தது. பதின்மூன்றாம் திருத்தமாக, அதை ஒழிப்பதற்காக. எழுபத்தெட்டு ஆண்டுகள் சொல் வெளியே நின்றது, பொருள் உள்ளே இருந்தது. ஒழிக்க நேர்ந்தபோது பெயரைச் சொல்லித்தான் ஒழிக்க முடிந்தது. அந்தத் திருத்தத்திலும் ஒரு விலக்கு உண்டு: குற்றத்துக்கான தண்டனையாக அடிமைத்தனம் இருக்கலாம். 2020 மக்கள்தொகைக் கணக்கிலும் கைதிகள் சொந்த ஊரில் அல்ல, சிறை இருக்கும் ஊரில் எண்ணப்பட்டார்கள். பெரும்பாலான மாநிலங்களில் சிறையிலிருப்பவர்களுக்கு ஓட்டில்லை. சில மாநிலங்கள் தொகுதி பிரிக்கையில் இதைத் திருத்திக்கொண்டிருக்கின்றன. மற்ற இடங்களில் உடம்பு ஒருவருடையது, பிரதிநிதித்துவம் இன்னொருவருடையது என்ற பழைய கணக்கு முடியவில்லை.

மான்ட்பெலியர் இன்று நினைவிடம். அதன் நிர்வாகத்தில் அடிமைகளின் வழித்தோன்றல்களுக்குச் சம பங்கு தருவதாக 2021இல் அறிவித்து, 2022 தொடக்கத்தில் பின்வாங்கி, பெரும் எதிர்ப்புக்குப் பின் அதே ஆண்டு மே மாதம் அவர்கள் முன்மொழிந்தவர்களை நிர்வாகக் குழுவில் சேர்த்தார்கள். சாசனங்களின் தந்தைமார்களைக் கும்பிடுவதா உடைப்பதா என்று நாம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். எனக்கு அதைவிட அவசரமாகப் படுவது, எந்தச் சாசனத்தையும் சட்டத்தையும் கையில் எடுக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுவது. இங்கே யார் எண்ணப்படுகிறார்கள்? அந்த எண்ணிக்கையை வைத்து யார் பேசுகிறார்கள்? எண்ணப்பட்டவரின் பெயர் இதில் எழுதப்பட்டிருக்கிறதா?